பழைய கிட்டாருக்குப் புதிய பிக்கப்: ஓம் எண்ணை நம்பிக் கெட்ட கதையும் வேறு சில தவறுகளும்

பழைய எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வரும் இளைஞர்களில் பலர், பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும், காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி சுற்றிய பாகத்தை) தேர்ந்தெடுத்து வாங்கி முடித்த பிறகுதான் வருகிறார்கள். பெட்டியைப் பிரித்து, "இது 14 கே, அண்ணா. பழையது வெறும் 5.7 கேதான்" என்று பிக்கப்பின் மின்தடையைக் கிலோஓமில் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பெருமிதம் எனக்கு நன்கு பழக்கமானது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே எண்ணைச் சொல்லி அதே பெருமிதத்தோடு நானும் நின்றிருக்கிறேன். சால்டரிங் அயர்னை எப்படிப் பிடிப்பது, பூச்சில் கீறல் விழாமல் எப்படிக் கழற்றுவது என்பனவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டால் அவை தாமாகவே வந்துவிடும். காசைக் கரைத்த பிறகே புரியக்கூடிய தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஓம் எண்ணைப் பார்த்து ஒலியை முடிவு செய்வது

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய என் மாமா ஒருவர் 1973-ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகள் கழித்து அது என் கைக்கு வந்தது. அதன் பிரிட்ஜ் பிக்கப் (தந்திகள் உடலில் தங்கும் பிரிட்ஜை ஒட்டியது) மிகவும் சன்னமாக ஒலித்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 5.7 கிலோஓம் காட்டியது. "முப்பது வருடத்தில் காந்தம் செத்துவிட்டது" என்று நானே தீர்ப்பெழுதிவிட்டு, அளவில் அதே சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் போலத் தோன்றும், 14 கிலோஓம் என்று அச்சிட்ட, பீங்கான் காந்தம் வைத்த ஒரு பிக்கப்பை இறக்குமதித் தீர்வையும் கட்டி வரவழைத்தேன். கழற்றிய பழைய பிக்கப்பை, கேட்ட ஒருவருக்கு இரண்டு செட் தந்திகளின் விலைக்குக் கொடுத்துவிட்டேன். இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

புதிய பிக்கப் சத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிட்டார் எதற்காகப் பெயர் பெற்றதோ அந்தக் கணீரென்ற மேல்சுரம் முழுவதும் போய், கம்பளிக்குள் வைத்து வாசித்தது போல ஆகிவிட்டது. கழுத்தை ஒட்டிய நெக் பிக்கப்புக்கு மாற்றினால் ஒலி சட்டென்று பாதியாக இறங்கியது. பல வாரங்கள் கழித்து, புதியதன் உயரத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் உண்மை விளங்கியது. பிளெக்ட்ரம் இடிக்கிறது என்பதற்காக யாரோ எப்போதோ பிரிட்ஜ் பிக்கப்பை முழுவதும் உள்ளே இறக்கி வைத்திருந்தார்கள். அந்தத் திருகாணிகளில் கை வைக்காமல், அதே ஆழத்தில்தான் நானும் புதியதை மாட்டியிருந்தேன். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்தால் காந்தத்துக்கும் தந்திக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. பிக்கப்பில் எந்தக் குறையும் இல்லை. இரண்டு திருகாணிகளைச் சில சுற்றுகள் திருப்பியிருந்தால் போதும்.

அந்த 5.7 என்ற எண்ணும் குறையைக் காட்டவில்லை. அக்காலத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்புகள் பொதுவாக ஐந்தரை முதல் ஆறரை கிலோஓம் வரையே காட்டும். அவற்றில் உள்ள அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தமும் சும்மா இருந்தபடியே செத்துப்போவதில்லை. கடும் வெப்பமோ, பக்கத்தில் வைத்த வேறொரு வலுவான காந்தமோ அதைக் கெடுக்கலாம். வெறும் வயது கெடுப்பது மிகக் குறைவு.

மீட்டர் காட்டும் நேர்மின்தடை என்பது உள்ளே எவ்வளவு நீளத்துக்கு, எவ்வளவு மெல்லிய செம்புக் கம்பி இருக்கிறது என்பதன் கணக்கு மட்டுமே. 42 கேஜ் கம்பியின் விட்டம் சுமார் 0.063 மில்லிமீட்டர், 43 கேஜ் கம்பியின் விட்டம் சுமார் 0.056 மில்லிமீட்டர். சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றாமல் கம்பியை மட்டும் மெல்லியதாக்கினால், ஒலி பெரிதாகக் கூடாமலே தடை கால் பங்கு அளவுக்கு ஏறிவிடும். இதற்குக் கண்முன் இருக்கும் சான்று ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டார். அதன் நெக் பிக்கப் 43 கேஜ் கம்பியில் சுற்றப்பட்டிருப்பதால் மீட்டரில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு ஈடாகவோ அதற்கு மேலாகவோ எண் காட்டும். ஆனால் வாசித்துப் பார்த்தால் இரண்டில் அடக்கமானது நெக் பிக்கப்தான்.

போதாததற்கு, செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. 20 டிகிரியில் 7.5 கிலோஓம் காட்டிய பிக்கப்பைச் சென்னையின் சித்திரை வெயிலில், 35 டிகிரி அறையில் அளந்தால் 7.9 காட்டும். "பெட்டியில் போட்டிருப்பதைவிட இது சூடான பிக்கப்" என்று (வலுவாக ஒலிப்பதைத்தான் 'சூடு' என்பார்கள்) ஒருவர் மகிழ்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். சூடாக இருந்தது அறைதான்.

பழமைக்கு விசுவாசமாக இருக்க விரும்பி, கிப்சன் நிறுவனத்தின் பி.ஏ.எஃப். ('பேட்டன்ட் அப்ளைட் ஃபார்') பிக்கப் எத்தனை ஓம் என்று தேடுகிறவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. கிப்சன் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்து, 1957 முதல் 1962 வரை காப்புரிமை விண்ணப்பத்தைக் குறிக்கும் ஒட்டுச்சீட்டோடு வந்த அந்த ஹம்பக்கர்களில் (இரைச்சலை அடக்க இரண்டு சுருள் வைத்த பிக்கப்புகளில்), ஏழு கிலோஓம் காட்டுபவையும் உண்டு, ஒன்பது காட்டுபவையும் உண்டு. சுற்றுகளும் ஒரே சீராக இல்லை, காந்தங்களும் ஒரே வகையாக இல்லை. (அதற்குப் பிந்தைய சீட்டில் அச்சான காப்புரிமை எண், பிக்கப்புக்குரியதே அன்று, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் டெயில்பீஸுக்கு (தந்திகளின் அடிமுனையைப் பிடிக்கும் பாகத்துக்கு) உரியது. சீட்டை நம்புகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு, ஹென்றியில் சொல்வது) எவ்வளவு, காந்தம் எது, கம்பி என்ன கேஜ் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் சுமார் 2.3 ஹென்றி, பி.ஏ.எஃப். வகை சுமார் 4.4 ஹென்றி, நான் வாங்கியது போன்ற கனமான சுற்று 8 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிளும் சேர்ந்து 500 பிக்கோஃபாரட் கொள்ளளவு இருந்தால், ஒலி உச்சமாகத் துருத்தி நிற்கும் அதிர்வெண் முறையே 4,700, 3,400, 2,500 ஹெர்ட்ஸ் என்று வரும். அந்த உச்சத்துக்கு மேலே உள்ளவை சரிந்து அடங்கிவிடும். என் கிட்டாரின் கணீர் போன இடம் அதுதான். ஆம்பின் டிரெபிளை எவ்வளவு திருப்பினாலும் அது திரும்பி வரவில்லை. எந்த எண்ணைத் தேடினாலும், முதலில் இருக்கும் பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்து, புதுத் தந்தி போட்டு, இரண்டு நாள் வாசித்துப் பாருங்கள். என்னிடம் வருபவர்களில் சிலர் அதன் பிறகு வாங்கியதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பொருந்தவில்லை என்று மரத்தைக் குடைவது

டிமார்சியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற ஹம்பக்கர் 1970-களில் பரவியபோது, அதைப் பொருத்துவதற்காக எத்தனையோ நல்ல ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் உடலில் ரூட்டர் (மரம் குடையும் கருவி) இறங்கியது. பிக்கப்பை மீண்டும் மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய மரம் திரும்பாது, கிட்டாரின் விலையும் திரும்பாது. சிங்கிள் காயில் அளவிலேயே கிடைக்கும் ஹம்பக்கர்கள் இன்று ஏராளம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. 1972-இன் டெலிகாஸ்டர் தின்லைனில் வந்த வைட் ரேஞ்ச் ஹம்பக்கர், சேத் லவர் ஃபெண்டருக்கு வந்த பிறகு வடிவமைத்தது. செம்பு, நிக்கல், இரும்பு கலந்த குனிஃபே காந்தத்தைத் திருகாணியாகவே கடைந்து அதில் வைத்திருந்தார். அதன் குழி வழக்கமான ஹம்பக்கரைவிடப் பெரியது. பிற்கால மறுவெளியீடுகள் பலவற்றில் அதே பெரிய மூடிக்குள் சாதாரண ஹம்பக்கர் ஒன்றை வைத்து மெழுகால் நிரப்பியிருந்தார்கள். மூடியின் வடிவத்தை மட்டும் பார்த்து வாங்கினால், 1972-இன் ஒலி அதற்குள் இருக்காது.

தந்தி இடைவெளியை அளக்காமல் விடுவது

பிக்கப்பின் காந்த முனைகள் அந்தந்தத் தந்திக்கு நேர் கீழே வர வேண்டும். கிப்சனில் முதல் தந்தியிலிருந்து ஆறாவது தந்தி வரை பிரிட்ஜ் அருகே சுமார் 50 மில்லிமீட்டர். ஃபெண்டரில் 52, 53. அளவுகோல் பத்து ரூபாய்.

'பாட்'டை (குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரை) பார்க்காமல் பிக்கப்பைக் குறை சொல்வது

1970-களின் கிப்சன்கள் பலவற்றில் 300 கிலோஓம் வால்யூம் பாட்டும் 100 கிலோஓம் டோன் பாட்டும் இருக்கும். ஹம்பக்கருக்கு வழக்கமாக வைப்பது 500. மந்தமாக ஒலிக்கிறது என்று வந்த ஒரு கிட்டாரில் பாட்டுகளை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். உரிமையாளர் பிக்கப்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். கழற்றிய பாட்டை எறிந்துவிடாதீர்கள். அதன் முதுகில் பொறித்த எண், தயாரிப்பாளரையும் ஆண்டையும் வாரத்தையும் சொல்லும்: 1377312 என்றால் சி.டி.எஸ். நிறுவனம், 1973, பன்னிரண்டாம் வாரம். கிட்டாரின் வயதுக்குச் சாட்சி சொல்லும் பொருள்களில் அதுவும் ஒன்று.

காந்தத்தை விரலால் அழுத்திச் சமன் செய்வது

பிக்கப்பின் மேல் உயரம் மாறி நிற்கும் காந்தத் துண்டுகளைச் சமன் செய்வது ஒருபோதும் வேண்டாம். பழைய ஃபெண்டர் பிக்கப்புகளில் கம்பி நேரடியாகக் காந்தங்களின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது. காந்தம் நகர்ந்தால் உள்சுற்று அறுந்துவிடும்.

கிரீச்சிடுகிறது என்று மெழுகில் முக்குவது

சத்தமாக வாசிக்கும்போது கிரீச்சிடுவதைத் தடுக்கச் சிலர் பிக்கப்பை உருகிய மெழுகில் முக்குவார்கள். ஆனால் பி.ஏ.எஃப். வகையின் பாபின் (கம்பி சுற்றிய சட்டம்) பியூட்டிரேட் பிளாஸ்டிக். சூட்டில் வளைந்து நெளியும். சத்தமான மேடைக்கு வேறு கிட்டாரை எடுத்துச் செல்லுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, துருவத்தை மறந்துவிடுவது

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூன்று பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் மாற்றும்போது, புதியதன் சுற்றுத் திசையும் காந்தத் துருவமும் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது அடிச்சுரம் போய்த் தகரம் தட்டுவது போல ஒலிக்கும். என் 14 கேயும் நடுப் பிக்கப்போடு சேர்ந்து அப்படித்தான் ஒலித்தது. சாதாரண சிங்கிள் காயிலில் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் தீர்ந்துவிடும். டெலிகாஸ்டரின் நெக் பிக்கப்பில் உலோக மூடி, சுருளின் ஒரு முனையோடு இணைந்திருப்பதால், முதலில் அந்த இணைப்பைத் துண்டித்து, மூடிக்குத் தனியாக ஒரு வயரைக் கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னல் உறை போட்ட பழைய பாணி ஹம்பக்கரில் உறையே கிரவுண்டு என்பதால் வயரை மாற்ற வழியில்லை. அடியில் இருக்கும் காந்தத்தைக் கழற்றித் திருப்பிப்போட வேண்டும்.

வாங்குவதற்கு முன்பு பழைய பிக்கப்பின் மேல் ஒரு திசைகாட்டியை வைத்து, வட முனை தெரிகிறதா தென் முனை தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரைப் பிக்கப்பில் இணைத்து ஓம் அளவையில் வைத்து, ஒரு ஸ்குருடிரைவரைக் காந்தத்தின் மேல் தொட்டுவிட்டுச் சட்டென்று எடுங்கள். எடுக்கும் கணத்தில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். புதியதிலும் மீட்டரின் முனைகளை அதே வரிசையில் வைத்து இதையே செய்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்கலாம்.