குதிகால் நாண் வலிக்கும்போது ஓடலாமா?

பெரும்பாலும் ஓடலாம். ஆனால் முதலில், கெண்டைச்சதையைக் குதி எலும்போடு இணைக்கும் இந்த நாண் (அக்கிலிஸ்) அறுந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஓடும்போதோ ஷட்டில் ஆடும்போதோ பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ‘டப்’பென்று ஓர் அடி விழுந்ததா? அதன் பிறகு அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடியவில்லையா? கட்டிலில் குப்புறப் படுத்து, பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். இன்னொருவர் கெண்டைச்சதையை அமுக்கினால் நல்ல காலில் பாதம் தானாக அசையும். நாண் முழுதாக அறுந்த காலில் அசையாது. அசையாவிட்டால் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போங்கள். அசைந்தாலும், மேலே சொன்ன அறிகுறி இருந்தால் காட்டிவிடுவதே சரி.

இனிச் சொல்வதெல்லாம் வாரக்கணக்கில் மெல்ல ஏறிய வலிக்கு.

இரண்டு விரலால் நாணைப் பக்கவாட்டில் கிள்ளிக்கொண்டே கீழிருந்து மேலே போங்கள். குதி எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. உயரத்தில் தடித்து வலித்தால் அது நடுப்பகுதிப் பாதிப்பு. எலும்பில் ஒட்டுகிற இடத்திலேயே வலித்தால் அது ஒட்டுமிடப் பாதிப்பு. இதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் பயிற்சி மாறும்.

ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் இந்த நாண் உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு இழுவையைத் தாங்குகிறது. 70 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட அரை டன். இரண்டு மாதம் சும்மா இருந்தால் வலி அடங்கும். கூடவே நாணும் கெண்டைச்சதையும் பலம் இழக்கும். திரும்ப வந்து பழைய தூரம் ஓடினால் பழைய வலியும் வந்துவிடும். ஸ்வீடனில் 38 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு குழுவினர் வலி 10க்கு 5ஐத் தாண்டாத அளவுக்கு ஓடவும் குதிக்கவும் அனுமதிக்கப்பட்டார்கள். மற்றவர்கள் முதல் 6 வாரம் அதை நிறுத்தினார்கள். வலுவூட்டும் பயிற்சி இருவருக்கும் ஒன்றே. இரண்டு குழுவும் தேறின. ஓடியதால் யாருக்கும் கூடுதல் கேடு வரவில்லை.

பிசியோ பக்கத்தில் இல்லாமல் தனியாகச் சமாளிப்பவர்கள் அந்த 5ஐ 3 ஆக வைத்துக்கொள்வது நல்லது. இந்த வலி ஏமாற்றும்: முதல் கிலோமீட்டரில் குத்தும், உடம்பு சூடானதும் காணாமல் போகும், சாயங்காலம் திரும்ப வரும். அதனால் ஓடும்போது தெரிகிற வலியைவிட மறுநாள் காலையைத்தான் நம்ப வேண்டும். எழுந்து முதல் அடி வைத்ததிலிருந்து விறைப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் போனில் குறித்துவையுங்கள். வழக்கமாக 5 நிமிடம் என்பது, ஓடிய மறுநாள் 20 ஆனால் முந்தின நாள் ஓட்டம் அதிகம். விறைப்பு பழைய அளவுக்கு இறங்கும்வரை ஓடாதீர்கள். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள்.

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி 2ஐத் தாண்டவில்லை என்றால் தொடங்கலாம். 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். ஒருமுறை ஓடினால் இரண்டு நாள் இடைவெளி: கடும் உழைப்புக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் நாணில் கட்டுவதைவிடச் சிதைவதே அதிகம். இரண்டு மூன்று முறை காலை விறைப்பு நேரம் ஏறாமல் இருந்தால் ஓட்ட நிமிடத்தைக் கூட்டுங்கள். தூரம் முதலில், வேகமும் மேம்பாலம் போன்ற ஏற்றமும் கடைசியில். வேகம் கூடினால் இழுவை கூடும். ஏற்றத்தில் நாண் நீண்ட நிலையில் பாரம் வாங்கும். பீச் மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அங்கே போகாதீர்கள், குதிகால் புதைந்து நாண் இன்னும் இழுபடும். ஷூவில் குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட 10 மி.மீ. உயரம் இருக்கட்டும், தட்டையான ஷூ என்றால் இரண்டிலும் குதிகால் பட்டை வைத்துக்கொள்ளலாம். வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல், குதி தடித்த செருப்புப் போடுங்கள்.

ஆனால் நாணைத் தேற்றுவது ஓட்டமல்ல, குதிகால் உயர்த்தும் பயிற்சி. 1998இல் ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் தந்த முறையில் தினம் 180 தடவை, 12 வாரம். பலன் உண்டு, பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வாரம் மூன்று நாள், அதிக எடையோடு மெதுவாகச் செய்தாலும் அதே பலன் கிடைக்கிறது என்று 2015இல் டென்மார்க்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதையே எடுத்துக்கொள்ளலாம். 3 நொடியில் ஏறி, 3 நொடியில் இறங்குங்கள். முதலில் தரையில் இரண்டு காலோடு 15 வீதம் 3 செட். பிறகு ஒற்றைக் காலில். பிறகு படி விளிம்பில். அது சுலபமானதும் முதுகுப் பையில் 5 கிலோ அரிசிப் பை, அப்புறம் 10 கிலோ. 6 முதல் 8 தடவைக்கு மேல் முடியாத எடைவரை போக வேண்டும். பாதிச் செட்டுகளை முழங்காலை மடக்கிச் செய்யுங்கள், ஓட்டத்தில் அதிகம் உழைக்கிற ஆழத்துத் தசை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும். துள்ளி ஏறுவது, சுண்டுவிரல் பக்கம் சாய்வது, மாதக்கணக்கில் எடையே ஏற்றாமல் இருப்பது: பலன் வராமல் போவது பெரும்பாலும் இவற்றால்தான். ஓடுகிற நாளிலேயே, ஓடி முடித்தபின் இதையும் செய்துவிட்டால் ஓய்வு நாள் உண்மையான ஓய்வாக இருக்கும்.

ஒட்டுமிடப் பாதிப்பு உள்ளவர்கள் படியில் குதிகாலைத் தொங்கவிடக் கூடாது, தரையோடு நிறுத்துங்கள். கெண்டைச்சதையை இழுத்து நீட்டுவதும் வேண்டாம். நாண் எலும்பின் மேல் அழுந்தும். குந்தி உட்காரும் கழிப்பறையிலும் இதேதான் நடக்கும். வெஸ்டர்ன் கழிப்பறை இருந்தால் கொஞ்ச காலத்துக்கு அதற்கு மாறுங்கள்.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் வலிக் கணக்கு பொய்யாகிவிடும். நாணுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, நாண் அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்குகிற ஆஃப்லாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகள் எல்லாம் இந்த நாணைப் பாதிக்கக்கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இலேயே கடும் எச்சரிக்கை தந்தது. அவற்றைச் சாப்பிடும்போது வலி தொடங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எழுதித் தந்த மருத்துவரை உடனே அழையுங்கள்.

இரண்டு குதிகாலும் ஒருசேர வலித்து, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து, கூடவே முதுகு விறைப்போ சொரியாசிஸோ இருந்தால் அது ஓட்டத்தால் வந்ததாக இல்லாமல் இருக்கலாம். மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். இரண்டு நாணிலும் வலியில்லாமல் கட்டிபோல் தடித்திருந்தால் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.