வாய் திறக்க முடியலையா? மூட்டா, தசையா, கன்னமா என்று விரல் வைத்தே பார்க்கலாம்

பல்லில் கோளாறு இல்லை. ஆனாலும் மென்றால் வலிக்கிறது, வாய் முழுசாகத் திறக்கவில்லை. அப்படியானால் பார்க்க வேண்டிய இடங்கள் தாடை மூட்டு, மெல்லும் தசைகள், கன்னத்தின் உள்தோல். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலில் அளந்துவிடுங்கள். வாயை முடிந்தமட்டும் திறந்து, மேல், கீழ் முன்பற்களின் விளிம்புக்கு நடுவே ஸ்கேலை வையுங்கள். பெரியவர்களுக்கு 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். 35-க்குக் கீழே என்றால் குறைவு. ஸ்கேல் இல்லாவிட்டால், அவரவர் மூன்று விரல்களை அடுக்கிச் செங்குத்தாக நுழைத்துப் பாருங்கள்; நுழைந்தால் சரி.

அடுத்தது மூட்டு. காதுத் துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் குருத்தெலும்பிலிருந்து ஒரு செ.மீ. முன்னே, இரண்டு பக்கமும் விரல்நுனியை வைத்து மெதுவாகத் திறங்கள். முதல் 20, 25 மி.மீ. வரை கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனையான குமிழ் இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் முன்னால் வழுக்கிப் போகும். விரலுக்கடியில் பள்ளம் விழுவது தெரியும். குமிழுக்கும் மண்டையெலும்புக்கும் நடுவில் நார்த்தட்டு ஒன்று உண்டு. அது முன்னால் நழுவியிருந்தால், திறக்கும்போது குமிழ் அதன்மேல் ஏறி 'டக்' என்று சத்தம் வரும். வலி இல்லாமல், வாயும் முழுசாகத் திறந்தால் அந்தச் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. பயப்பட வேண்டியது வேறு: இத்தனை நாள் கேட்ட சத்தம் திடீரென்று நின்று, வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காமல், தாடை ஒரு பக்கமாக இழுத்தால் தட்டு முன்னால் சிக்கிக்கொண்டிருக்கலாம். நாள் கடத்தாதீர்கள்.

தசைக்கு, பல்லைக் கடியுங்கள். தாடை மூலைக்கு மேலே புடைப்பது மாசிட்டர். நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரிந்திருப்பது டெம்போராலிஸ். கடியைத் தளர்த்திவிட்டு ஒரு கிலோ அழுத்தத்தில் அமுக்குங்கள் (சமையலறைத் தராசில் விரலை அழுத்திப் பழகினால் அளவு பிடிபடும்). உங்களுக்குப் பழக்கமான அதே வலி வந்தால் தசைதான். உள்பக்கம் இருக்கும் டெரிகாய்டு தசைகளை வாய்க்குள் விரல் விட்டுத் தேட வேண்டாம். அங்கே அமுக்கினால் நல்ல தசையும் வலிக்கும்.

தசைவலிக்கு இரண்டு வாரம்: தினம் இரண்டு வேளை 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சாப்பிடாத நேரத்தில் உதடு மூடியிருக்கட்டும், பற்கள் தொட வேண்டாம். குழைந்த சாதம், இடியாப்பம், குழம்பு மீன் சரி. கடம்பா (கணவாய்), பரோட்டா, பர்மா நூடுல்ஸான அத்தோவில் போடும் மொறுமொறு பேஜோ வேண்டாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கடியில் கையைக் கொடுங்கள்.

வடசென்னையில் காசிமேடு, வியாசர்பாடி பக்கம் மாவா (பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்தது) போடுகிறவர்கள் கட்டாயம் கன்னத்தைப் பார்க்க வேண்டும். உள்தோல் வெளிறி, விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டு, காரம் பட்டால் எரிந்தால் அது பாக்கினால் வரும் நார்த்தடிப்பு. புகையிலை இல்லாத வெறும் பாக்கிலும் வரும், புற்றுநோயாகவும் மாறலாம். வாய்ப்பயிற்சி மட்டும் போதாது. பாக்கை அடியோடு விட்டுவிட்டு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். கடற்கரை நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம்தான்.

திறந்த வாய் மூடாமல் நின்றுவிட்டால் குமிழ் குழியை விட்டு இறங்கிவிட்டது. தட்டவோ இழுக்கவோ கூடாது. முகவாயைத் துண்டால் தாங்கிப் பிடித்து, நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.