இமிகிரேஷன் கேள்விகளுக்கு நான் தயாரான விதம்

வெளிநாட்டு ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டைப் பார்த்து உள்ளே விடும் இமிகிரேஷன் கவுண்டரைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் இப்போது கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்து பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுகிறேன்: தங்குமிடத்தின் பெயர், முகவரி, போன் நம்பர், திரும்பும் விமானத்தின் நம்பரும் தேதியும். போனில்தான் இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் இறங்கியதும் சிம் வேலை செய்யாது, ஏர்போர்ட் வைஃபை ஓடிபி கேட்கும், அது வரவே வராது.

கேட்பது பெரும்பாலும் நாலே விஷயம்தான். எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், செலவுக்கு என்ன வழி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். போன தடவை அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே "எத்தனை நாள்?" என்றார், "ஆறு நாள், சுற்றிப் பார்க்க" என்று சொல்லித் தாளை நீட்டினேன், அதைப் பார்க்கக்கூட இல்லை, முத்திரை விழுந்துவிட்டது!

விசா இருந்தாலே உள்ளே விட்டுவிடுவார்கள் என்று இல்லை, கடைசி முடிவு அந்தக் கவுண்டரில்தான். அதனால் விசா படிவத்தில் எழுதியதும் வாயில் வருவதும் ஒன்றாக இருக்கட்டும். நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அப்படியே சொல்லி முகவரியைக் கொடுங்கள், ஹோட்டல் என்று கதை விடாதீர்கள்.

அப்புறம், பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்கின்றன. சிங்கப்பூர், தாய்லாந்து போகிறவர்கள் வருகை அட்டையை, அதாவது வருகிறவரின் விவரம் கேட்கும் படிவத்தை, ஆன்லைனில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளம் வேறு யாருடையதோ.