திருகோணமலையில் ஆவணப்படம்: முகத்தை மட்டும் மறைத்தால் போதாது

பதின்ம வயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகி, பின்னர் அந்தச் செய்தி வட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடப்பட்டதால் மறுபடியும் துன்புற்ற ஒருவரைப் பற்றித் திருகோணமலையில் ஆவணப்படம் எடுக்க விரும்புபவர், இது ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊர் என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை அனுமதியின்றி வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் குற்றமாக்கியிருக்கிறது. அந்த அடையாளம் பெயரிலும் முகத்திலும் மட்டும் இருப்பதில்லை.

பாடசாலைக் கழுத்துப்பட்டியின் நிறம், யன்னலுக்கு வெளியே தெரியும் கோணேசர் மலை, உவர்மலையின் ஒரு வளைவு, தெருவில் மேயும் மான்கள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று திரையில் வந்தாலே ஊர் தெரிந்துவிடும்; இரண்டு சேர்ந்தால் வீடும் தெரிந்துவிடும். (அழகான காட்சி என்பதற்காக மானைப் படத்தில் சேர்க்க எந்த ஒளிப்பதிவாளருக்கும் கை துறுதுறுக்கும்.) எனவே நேர்காணலை வெற்றுச் சுவருக்கு முன்னால், ஒளியைப் பின்னால் வைத்து, நிழலுருவாகவே பதிவு செய்யுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் மூலப்பதிவை எடுத்துவிட்டுப் பின்னர் மங்கலாக்கினால், அந்தக் கோப்பு எவர் கையிலாவது சிக்கும் ஆபத்து எப்போதும் இருக்கும். குரலின் சுருதியை மாற்றுவதும் போதாது, ஏனெனில் அதைப் பழையபடி மீட்க முடியும். மேலும் அருகிலுள்ள மூதூரின் பேச்சையும் திருகோணமலை நகரப் பேச்சையும் இவ்வூரார் ஒரு வசனத்திலேயே பிரித்தறிந்துவிடுவர். அவரது சொற்களை ஒரு நடிகையைக் கொண்டு பேசவைப்பதே பாதுகாப்பானது.

பரப்பப்பட்ட படத்தையோ காணொளியையோ ஆதாரத்துக்காகக்கூடக் கேட்காதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதே குற்றம். குழுவில் எழுதப்பட்ட வசனங்களையும் அப்படியே திரையில் காட்டாமல் வேறு சொற்களில் எழுதிக் காட்டுங்கள். இல்லையெனில் குழுவில் இருந்தவர்கள் யாரைப் பற்றியது என்பதை உடனே கண்டுகொள்வார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால் சட்டத்தரணியின் ஆலோசனை இல்லாமல் நேர்காணல் எடுக்காதீர்கள். சாட்சியத்துக்கும் நேர்காணலுக்கும் இடையில் சொல் மாறினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். முடிந்தவரை, இப்போது வளர்ந்துவிட்டவர்களிடம் பேசுவது நல்லது. சிறுமியாக இருந்தால் பெற்றோரின் கையொப்பம் மட்டும் போதாது, அவளது சொந்தச் சம்மதமும் வேண்டும். அது ஒருமுறை பெற்றுக் கோப்பில் வைத்துவிடும் காகிதமாகவும் இருக்கக்கூடாது. சம்பவத்தை விவரிக்கச் சொல்லாமல், முதலில் யாரிடம் சொன்னார், யார் நம்பினார், குழுவில் இருந்தவர்களில் எவராவது பகிராமல் நிறுத்தினாரா என்று கேளுங்கள். “நீ ஏன் அங்கே போனாய்?” என்ற கேள்வியை ஊரே கேட்டு முடித்திருக்கும். என் கருத்தில், இத்தகைய படத்தின் உண்மையான கதாபாத்திரங்கள் அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களும் பார்த்துவிட்டு மௌனமாக இருந்தவர்களும்தான். கமரா அவர்கள் பக்கம் திரும்புவதே நியாயம்.

படத்தின் இறுதியில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைச் சில விநாடிகள் நிறுத்திக் காட்டுங்கள். யூடியூப்பில் ஏற்றினால் கருத்துப் பகுதியை மூடிவிடுங்கள். அதற்கெல்லாம் முன்னர், தொகுத்து முடித்த படத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தனியாகப் போட்டுக் காட்டி, அவர் நீக்கச் சொல்லும் பகுதியைக் காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.