கரன்ட் போனாலும் வீட்டுத் தொழில் ஓட: கொழும்பு வீடுகளுக்கு

கொழும்பில் கரன்ட் போவது இரண்டு விதம். ஒன்று அறிவித்துப் போடும் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் அது நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மற்றது, 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் நின்றதைப் போல, சொல்லாமல் போவது. முதலாவதற்கு வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு ஏற்கெனவே சார்ஜ் ஏறிய பற்றரிதான் வழி.

எதையும் வாங்க முதல், சூடாக்கும் சாமான்களைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அயன் 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும், எலெக்ட்ரிக் அவன் 1500 முதல் 2000 வரை. இவற்றைப் பற்றரியில் ஓட்ட நினைத்தால் காசுதான் கரையும். கேக் செய்பவர்கள் காஸ் அவனுக்கு மாறலாம். தைப்பவர்கள் அயன் பிடிப்பதைக் கரன்ட் இருக்கும் நேரத்துக்கு ஒதுக்கலாம்.

மிச்சத்தைக் கூட்டுங்கள். வீட்டுத் தையல் மெஷின் 100 வாட், ஃபேன் 60, லப்டொப் 50, எல்ஈடி பல்ப் 10. மொத்தம் 220. 12 வோல்ட், 100 அம்பியர் அவர் (Ah) பற்றரியில் கணக்குப்படி 1200 வாட் மணி இருக்கும். ஆனால் ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக 600. பற்றரிக் கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டாக மாற்றும் இன்வேர்ட்டரில் ஏறக்குறைய 15 வீதம் வீணாகும். மிஞ்சும் 510ஐ 220ஆல் பிரித்தால் இரண்டேகால் மணித்தியாலம். இன்னும் நேரம் வேண்டுமென்றால் பற்றரியைப் பெருக்குங்கள், இன்வேர்ட்டரையல்ல. லித்தியம் அயன் பொஸ்பேட் (LiFePO4) பற்றரியில் 80 வீதம் வரை எடுக்கலாம், விலைதான் கூட.

கார் பற்றரி வேண்டாம். அதன் மெல்லிய தட்டுகள் ஸ்டார்ட் பண்ணும் ஒரு நொடிக்காகச் செய்தவை. ஆழமாக இறக்கி ஏற்றினால் சில மாதங்களிலேயே போய்விடும். இன்வேர்ட்டர், லைன் கரன்ட்டைப் போன்ற தூய சைன் அலை (pure sine wave) தருவதாக இருக்கட்டும். சதுர அலையில் மோட்டார் உறுமும், சூடேறும். சார்ஜ் நேரத்தையும் பாருங்கள்: 10 அம்பியர் சார்ஜரில் பாதி இறங்கிய 100 அம்பியர் அவர் பற்றரி நிரம்ப ஆறு மணித்தியாலமாவது வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை வெட்டினால் இரண்டாவது முறை அரைப் பற்றரிதான் கையில்.

பற்றரி டேர்மினலில் வெள்ளை, பச்சையாகத் தூள் பூத்தால் இன்வேர்ட்டர் காரணம் தெரியாமல் நின்றுபோகும். இணைப்பைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, இறுக்கி, வஸலின் பூசுங்கள். சோடாத் தண்ணீர் பற்றரிக்குள் போகக் கூடாது. பற்றரி காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும்.

இன்டர்நெட்டை மறக்காதீர்கள். ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், உங்கள் றவுட்டருக்குத்தான் கரன்ட் இல்லை. சின்ன டிசி யூபிஎஸ் (றவுட்டரோடு நேரே இணைக்கும் பற்றரிப் பெட்டி) ஒன்று போதும். றவுட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று அடப்டரில் பார்த்து வாங்குங்கள். அதன் பெட்டியில் 8800 எம்ஏஎச் (mAh) என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது சுமார் 32 வாட் மணி. 10 வாட் றவுட்டருக்கு இரண்டரை மணித்தியாலம் வரும். மாற்றாக இன்னொரு நிறுவனத்தின் சிம் இருக்கட்டும். ஆனால் நீண்ட வெட்டில் போன் கோபுரங்களின் பற்றரியும் இறங்கிவிடும்.

கூரையில் சோலார் இருந்தால் கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். பற்றரி இல்லாத சாதாரண சோலார், லைன் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்காதிருக்கவே அந்த ஏற்பாடு. ஜெனரேட்டரை இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவரில் சொருகுவதும் அதே உயிராபத்து. லைனும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை எலெக்ட்ரீசியனைக் கொண்டு போடுங்கள். பிளாட் பல்கனியில் ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். மணமில்லாத கார்பன் மொனொக்சைட் அறைக்குள் வந்து ஆளைக் கொல்லும்.

ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காவிட்டால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். கிரீம் கேக் அதற்கு மேல் தாங்காது. பிளாட்டில் மோட்டார் நின்றால் தண்ணீரும் நிற்கும், வாளிகளை நிரப்பி வையுங்கள்.

கரன்ட் போனவுடன் முதலில் அயன் பிளக்கைக் கழற்றுங்கள். மறந்தால் கரன்ட் வரும்போது துணியோடு எரியும். பிறகு முறைப்பாடு: மின்சார சபை 1987, லெக்கோ (லங்கா மின்சாரக் கம்பனி) 1910. பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தைப் போனில் சேமித்து வைத்திருங்கள். கரன்ட் வந்ததும் ஃபிரிட்ஜை ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.