குற்ற வரைபடத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

2005-இல் அட்ரியன் ஹோலோவாட்டி என்ற இணைய நிரலாளர், அமெரிக்காவின் சிகாகோ காவல்துறை வெளியிட்டுவந்த குற்றப் பதிவுகளை எடுத்து கூகுள் மேப்பில் பொருத்தி, எல்லோரும் பார்க்கும்படி ஒரு தளம் அமைத்தார். இன்று சிகாகோ மாநகராட்சியே 2001 முதலான பதிவுகளை இலவசமாகத் தருகிறது. தரவு கைக்கு வந்துவிட்டது, வாசிப்பதில்தான் சறுக்குகிறோம்.

புள்ளி இருக்கும் இடத்தில்தான் குற்றம் நடந்தது என்று நம்புவதுதான் பெரிய தவறு. 2009-இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் வரைபடம், நகர மண்டபத்துக்கு அருகிலுள்ள ஓரிடத்தை ஊரிலேயே மோசமான பகுதியாகக் காட்டியது. காவல்துறைத் தலைமையகமும் அங்கிருந்து தூரமில்லை! விஷயம் இதுதான்: முகவரி பிடிபடாத பதிவுகளையெல்லாம் மென்பொருள் அந்த ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது.

அது கோளாறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-இல் வந்த காவல்துறை வரைபடமோ தெரிந்தே இடத்தை மாற்றுகிறது. பாதிக்கப்பட்டவரின் வீடு அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சம்பவத்தையும் முன்பே குறித்துவைத்த பொதுப்புள்ளிகளில் பக்கத்திலிருப்பதற்கு நகர்த்திவிடுவார்கள். பெரும்பாலும் அது தெருவின் நடுப்பகுதி. சில நேரம் பூங்கா, கடைவளாகம். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதை வைத்து "இந்த வீட்டு வாசலில் நாலு திருட்டு" என்று வாடகை பேசக் கூடாது.

எண்ணிக்கையிலும் கண்ணி உண்டு. சிகாகோ தரவில் கொலைக்கு மட்டும் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. மற்ற குற்றங்களில் சம்பவத்துக்கு ஒரு பதிவு. மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் வழிப்பறி செய்தாலும் ஒன்றுதான். கடைசி ஏழு நாள் பதிவுகள் இருக்காது. விசாரணைக்குப் பின் குற்றத்தின் வகையும் மாறலாம். அவசரப்பட்டு "இந்த மாதம் குறைந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

கடைவீதியையும் குடியிருப்பையும் வெறும் எண்ணிக்கையால் ஒப்பிடுவதும் வீண். அங்கங்கே வசிப்போரின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தாலும் சரிவராது. கடைவீதிக்குப் பகலில் வந்துபோகும் கூட்டம் மக்கள்தொகைக் கணக்கில் வராது.

மக்களே புகார் பதியும் வரைபடங்களில் தவறு வேறு மாதிரி. எகிப்தில் 2010-இல் தொடங்கிய ஹராஸ்மேப், பெண்கள் மீதான பாலியல் சீண்டல்களை அவர்கள் வாயாலேயே பதிவுசெய்தது. காவல்நிலையப் படி ஏறாத விவரங்கள் அவை. ஆனால் இத்தகைய வரைபடத்தில் புள்ளி இல்லாத தெரு பாதுகாப்பான தெரு ஆகிவிடாது. அங்கே யாரும் பதியவில்லை, அவ்வளவே.