முதல் ஓவியக் கண்காட்சி: காசும் படமும் வீணாகும் இடங்கள்

சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்குப் போனால் குத்துவிளக்கு இருக்கும், பொன்னாடை இருக்கும், சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசுவார், அதில் படங்களைப் பற்றி இரண்டு வரி வந்தால் பெரிய விஷயம். மறுநாள் அதே ஹாலுக்குப் போய்ப் பாருங்கள், படத்துக்குப் பக்கத்தில் ஒரு லேபிள்கூட நேராக ஒட்டியிருக்காது. முதல் கண்காட்சி வைப்பவர்களின் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன. விழாவுக்குக் கொடுக்கும் கவனம் சுவருக்குப் போவதில்லை.

ஹாலுக்கு வாடகை கொடுத்தாச்சே என்று சுவரை நிரப்புவது முதல் தப்பு. கல்லூரிக் காலத்து நீர்வண்ணம், போன வருடத்து அக்ரிலிக், ஒரு பிள்ளையார், விற்றாலும் விற்கும் என்று ஒரு குதிரை. இப்படிக் கலந்து வைத்தால் வருபவர் எதையும் நின்று பார்ப்பதில்லை, நடந்துகொண்டே இருப்பார். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969-ல் ஓவியர் ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே மனிதர், ஒரே கறுப்பு, ஆனால் படத்துக்குப் படம் கோடு வேறு வேலை செய்கிறது. அதனால்தான் ஒன்றைப் பார்த்ததும் அடுத்ததைப் பார்க்கத் தோன்றுகிறது. நாற்பது படம் கையில் இருந்தால் பதினைந்தை எடுங்கள், மீதி வீட்டிலேயே இருக்கட்டும்.

மாட்டும்போது படத்தின் மேல் விளிம்புகளை ஒரே கோட்டில் வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அப்படிச் செய்தால் சின்னப் படங்கள் எல்லாம் கூரையைப் பார்த்து ஏறிவிடும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும். கண்ணாடி போட்ட படத்துக்கு நேர் எதிரே ஸ்பாட்லைட் வைத்தால் தெரிவது ஓவியம் அல்ல, பார்ப்பவரின் முகம்.

இதெல்லாம் ஹாலிலேயே சரிசெய்யக்கூடியவை. வழியில் நடக்கும் சேதத்துக்குத்தான் மருந்தே கிடையாது. அக்ரிலிக் படத்தை பபிள் ஷீட்டில் நேரடியாகச் சுற்றி, குட்டியானையில் ஏற்றி, மே மாத வெயிலில் கிண்டி சிக்னலில் நிற்கவிட்டால் என்ன ஆகும்? அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக், சூட்டில் இளகும். இறக்கிப் பிரித்தால் படம் முழுக்க வட்ட வட்டமாகக் குமிழியின் அச்சு பதிந்திருக்கும், அது லேசில் போகாது. முதலில் வழவழப்பான கிளாசின் தாள், அதற்கு மேல் குமிழிப் பக்கம் வெளியே பார்க்கும்படி பபிள் ஷீட், இதுதான் முறை. கேன்வாஸைச் சுருட்ட வேண்டி வந்தால் வண்ணம் பூசிய பக்கம் வெளியே இருக்கட்டும், உருளையும் தடிமனாக இருக்கட்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருக்கப்பட்டு வெடிக்கும். எண்ணெய் வண்ணத்தைத் தொட்டால் கையில் ஒட்டவில்லை என்பதற்காகக் கண்காட்சிக்கு முந்தின வாரம் வார்னிஷ் அடிக்காதீர்கள், வண்ணம் உள்ளே காய ஆறு மாதமாவது வேண்டும். காகித ஓவியம் என்றால் கண்ணாடியைத் தொடாமல் நடுவில் மவுண்ட், அதாவது அட்டைச் சட்டம், போடச் சொல்லுங்கள். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்துக்குக் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும்.

லேபிளில் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு (உயரம் முதலில், அப்புறம் அகலம்), ஆண்டு. அவ்வளவுதான். ஆனால் ஊடகம் என்ற இடத்தில் எல்லாரும் 'கலப்பு ஊடகம்' என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். சென்னையில் வேலை செய்யும் பெனிதா பெர்சியாலின் சிற்பங்களில் குந்திரிக்கமும் மசாலாப் பொருள்களும் இருக்கின்றன, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பியனாலேயில் 2014-ல் அவை வாசனையோடுதான் நின்றன. அங்கே பொருளே விஷயம், அதைக் கலப்பு ஊடகம் என்று எழுதினால் பாதிச் சிற்பம் காணாமல் போகும். நீங்கள் பழைய புடவையும் செம்மண்ணும் பயன்படுத்தியிருந்தால் அப்படியே எழுதுங்களேன்.

படைப்பாளர் குறிப்பு இதைவிட மோசம். 'அகவெளியின் பிரபஞ்ச ஆற்றல்', 'இருப்பின் தீராத வலி' இதையெல்லாம் எந்தப் படத்துக்கும் ஒட்டலாம், அதுதான் சிக்கல். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன், போரில் வீட்டை விட்டுப் போனவர்களிடம் அவரவர் வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அதைக் கட்டடக் கலைஞர் ஒருவரின் வரைபடமாக்கி, பிறகு தன் ஓவியத்தையும் சேர்த்தார். இரண்டு மூன்று வாக்கியம், ஒரு பெரிய சொல்லும் இல்லை, உடனே பார்க்கத் தோன்றுகிறது. என்ன செய்தீர்கள், எதை வைத்துச் செய்தீர்கள் என்று எழுதினால் போதும்.

கேன்வாஸில் தமிழ் எழுத்தை இறைத்துவிட்டு 'மெட்ராஸ் பாணி' என்று சொல்லிக்கொள்வதும் ஓயவில்லை. அந்தப் பாணியின் முன்னோடி ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963-ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் இருப்பவை எழுத்து மாதிரி தெரியும், பெரும்பாலும் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாததால்தான் அது படமாகிறது. வாசிக்கக்கூடிய திருக்குறளை எழுதி வைத்தால், மன்னிக்கவும், அது போர்டு.

விலையில் ஒரே ஒரு விதி: வீட்டில் ஒரு விலை, கேலரியில் ஒரு விலை கூடாது. கேலரி மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைகூட கமிஷன் எடுக்கும் என்பதால் பலர் வாங்க வருபவரைத் தனியாக வீட்டுக்கு அழைத்துக் குறைத்துக் கொடுக்கிறார்கள். இந்த ஊரில் செய்தி பரவ ஒரு நாள் போதும், அந்த கேலரி மறுபடி கூப்பிடாது. விற்க வேண்டுமே என்பதற்காகப் படத்தை வளைப்பதற்குப் பதில் பிழைப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். 1966-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் 'பாட்டிக்' என்ற மெழுகுச் சாயத் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள்.

கடைசியாகக் காகித வேலை. படத்தை விற்றால் பதிப்புரிமையும் சேர்ந்து போய்விடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். வாங்கியவர் அதை காலண்டரில் அச்சடிக்க உங்களைக் கேட்டாக வேண்டும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, தனக்காக வரையச் சொன்ன ஓவியம் என்றால் கதை தலைகீழ். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை வரையச் சொன்னவருக்குத்தான். கண்காட்சியில் படம் பார்த்துவிட்டு 'இதே மாதிரி எனக்கு ஒன்று பெரிசாகப் போட்டுத் தாங்க' என்று கேட்பவர் கட்டாயம் வருவார், அவரிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் உரிமை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.